காவ்யா எழுதாமல் விட்ட ஐந்தாம் கேள்வி

வனிதா மிஸ்: ...நில்லு. பேப்பரை வச்சுட்டு அப்படியே நழுவாத. நாப்பது பேருல ஒனக்கு மட்டும் எப்படிம்மா இப்படி வந்துச்சு?

காவ்யா: பஸ்ஸு வந்துரும் மிஸ். இதை விட்டா கட்டுமாவடிக்கு ஆறு மணிக்குத்தான்...

வனிதா மிஸ்: போகட்டும். பிளஸ் டூ படிக்கிற. ஒரு கட்டுரையக் குடுத்து, எழுதுனவங்க என்ன கேக்குறாங்க, எதைச் சொல்லி நம்மள நம்பவைக்கிறாங்கன்னு பாக்கச் சொன்னேன். அஞ்சே கேள்வி. பள்ளிக்கூடத்துக்கு செல்போன் வேணாங்குற கட்டுரை. சரியா?

காவ்யா: சரிங்க மிஸ்.

வனிதா மிஸ்: அப்ப இது என்ன? இங்கிலீஷ்ல தப்பில்ல, விசயந்தான் எங்கிட்டோ போகுது. மொதக் கேள்வி, எழுதுனவங்க யாரு? 'அலைஞ்சு அலுத்துப்போன ஒருத்தவங்க.'

காவ்யா: படிக்கிறப்ப அப்படித்தான் தோணுச்சு.

வனிதா மிஸ்: எழுதுனவரு டாக்டரு. மேலேயே போட்டிருக்கு. ரெண்டாவது, என்ன கேக்குறாங்க? 'வேற ஊருக்கு மாத்தச் சொல்லி.' செல்போனை எந்த ஊருக்கும்மா மாத்துறது?

காவ்யா: நான் செல்போன்னு எழுதலையே...

வனிதா மிஸ்: அதத்தான நானும் தலையில அடிச்சுக்கிட்டுக் கேக்குறேன். அறிவுக்குச் சொல்றது எது, மனசைத் தொடச் சொல்றது எதுன்னு பத்து நாளா தொண்டை கட்டக் கத்துறேன். நீ நல்லா எழுதுற பிள்ளைன்னு வேற... சரி, மூணாவது. மனசைத் தொடுற எடம்? 'நாலு வயசுப் பிள்ளை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா...'

காவ்யா: முழுசாப் படிங்க மிஸ்.

வனிதா மிஸ்: '...அம்மாவோட பையை ஒளிச்சு வச்சிருது.'

காவ்யா: அதான் மிஸ், என் மனசைத் தொட்ட எடம்.

வனிதா மிஸ்: இது... இது எங்க இருந்து எடுத்த?

காவ்யா: நீங்க குடுத்த தாள்லதான். பின்பக்கம்.

வனிதா மிஸ்: குடு இங்கிட்டு.

காவ்யா: ஒரு பக்கம் எழுதுன தாளு வீணாப் போகாம மறுபக்கம் ஜெராக்ஸ் எடுக்கிறது நம்ம ஸ்கூல் வழக்கந்தானங்க மிஸ். இந்தத் தடவை ஒங்க வீட்டுத் தாளு ஒண்ணு கலந்துருச்சு. மத்ததெல்லாம் பழைய கொஸ்டின் பேப்பர்தான். எல்லார்கிட்டயும் வாங்கிப் பாத்துட்டேன்.

வனிதா மிஸ்: டிரான்ஸ்ஃபர் மனுவுக்கு எழுதிப் பாத்தது... அடுத்தவங்க எழுதுனதை இப்படிப் படிக்கலாமா நீ?

காவ்யா: தப்புத்தான். ஆனா நீங்களும் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. பப்ளிக் பரிட்சைக்கு ரெண்டு மாசங்கூட இல்லை.

வனிதா மிஸ்: குளத்தூர்ல மாமியார்கிட்ட பிள்ளைய விட்டுட்டு, இங்க ரூம் எடுத்து ஒத்தையில கெடக்குறேன். ஒனக்கு என்ன தெரியும்?

காவ்யா: தெரியும் மிஸ். படிச்சேன்ல. நாலாவதையும் பாருங்க.

வனிதா மிஸ்: ஆதாரம் இல்லாம சொல்லியிருக்குற வரி எது... வேணாம், விடு.

காவ்யா: நீங்க எழுதுனதுதான மிஸ். படிங்க.

வனிதா மிஸ்: 'இந்தப் பிள்ளைகளுக்கு யார் வந்து நடத்தினாலும் ஒன்றுதான்.' கீழ நீ எழுதியிருக்க, 'இதுக்கு ஆதாரம் இல்லை. மிஸ் வர்றதுக்கு முந்தி இங்கிலீஷ்ல ஃபெயில் பதினொரு பேரு. இந்த அரையாண்டுல ரெண்டு பேரு.' ...அன்னிக்கு பஸ்ஸை விட்டுட்டு ஏதோ எரிச்சல்ல எழுதுனது காவ்யா. அப்படி நெனைக்கிறவ இல்ல நான்.

காவ்யா: மார்க் உண்டா மிஸ்?

வனிதா மிஸ்: உண்டு. ஆனா அஞ்சாவதை ஏன் வெறுமனே விட்ட? 'இந்த வாதம் ஒங்கள நம்பவச்சுதா?' ஆமா, இல்லைன்னு ஒரு வார்த்தை. அதக்கூட எழுத முடியலையா ஒன்னால? திருத்தி நல்லா எழுதுன மனு என் பையிலதான் இருக்கு, இன்னும் குடுக்கலை. சொல்லு.

காவ்யா: ஆமான்னுதான் வந்துச்சு மிஸ். எழுதிட்டா நீங்க போயிருவீங்களேன்னு விட்டுட்டேன்.