மெழுகின் மேல் போட்ட பழி

உங்கள் வாசல் படியில் மணல் தூவியிருக்கிறீர்கள், ஆனால் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. நேற்று இளகின பனி இன்று காலை கண்ணாடியாக இறுகிக் கிடக்கிறது. வயதானவர்கள் வந்து போகும் காவல் நிலையம் இது. யாராவது வழுக்கி விழுந்தால் உங்களுக்குத்தான் கெட்ட பெயர். போகும்போது நானே தூவிவிட்டுப் போகலாம் என்றிருந்தேன். போக விடுவீர்களா என்று தெரியவில்லை.

என்னை உங்களுக்குத் தெரியும். மரஆலையில் ரம்பப் பற்களைத் தீட்டும் ஓட்வார். இருபத்தாறு வருடமாக நம் பனிச்சறுக்குச் சங்கத்துப் பலகைகளுக்கு மெழுகு போடுவதும் ஊன்றுகோல்களைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தேன். மரங்களுக்கு நடுவே போகும்போது கையைக் கோலின் வாரிலிருந்து எடுத்துவிட வேண்டும். இறக்கத்தில் முனை பின்பக்கம் பார்க்க வேண்டும். புதுப்பனியில் மழுங்கிய கோலை வைத்துக்கூடச் சமாளிக்கலாம், ஆனால் மழை பெய்து இறுகிய பனியில் அந்தக் கூர்முனை ஒன்றுதான் ஆளைக் காப்பாற்றும். இதை நான் ஆயிரம் தடவையாவது சொல்லியிருப்பேன். அதனால் தெரியாமல் செய்துவிட்டேன் என்று இப்போது சொல்ல முடியாது.

தீரில் என் ஒரே மகள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது அவள் அம்மா மார்தே ஆறு வாரப் படிப்புக்கென்று ஓஸ்லோ போனாள். ரயிலடியில் நின்று நாங்கள் இருவரும் கையசைத்தோம். ஆறு வாரம் ஆறு மாதமாயிற்று, பிறகு ஒரு கடிதம் வந்தது. நான் அவளைத் திட்டவில்லை. சட்டியில் மூன்று பேருக்கு உருளைக்கிழங்கு போடுகிற பழக்கத்தை மாற்றிக்கொள்ளத்தான் கொஞ்ச காலம் பிடித்தது. அதற்குப் பிறகு எனக்கு எல்லாமே தீரில்தான். அவள் சாப்பிட்டால்தான் எனக்கு வயிறு நிறையும்.

பதினாறு வயதில் அவள் வடக்கே இருக்கும் சறுக்குப் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டாள். ரயிலில் ஐந்து மணி நேரம். மார்ச் மாதப் பந்தயத்தில் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவர்களுக்கு அங்கே இடம் உண்டு. அவள் எப்படியும் இரண்டாவதாக வந்துவிடுவாள் என்று ஊரே சொன்னது. சங்கத் தலைவர் பியார்னேவை உங்களுக்குத் தெரியுமே, அவர் வாய் சும்மா இருக்காது. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்.

“ஏன் ஓட்வார், பொண்ணு போயிட்டா உருளைக்கிழங்க யாருக்குத் தோலுரிப்ப? பேசாம ஒரு ஆட்ட வாங்கி வளத்துக்கோ. அது ரயில் ஏறாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை மழை பெய்தது. சனிக்கிழமை வானம் வெளுத்துவிட்டது. இரவில் சுழியத்துக்குக் கீழே ஒன்பது பாகை போகும் என்று வானொலியில் சொன்னார்கள். அன்று மதியம் எனக்கு வேறு வேலையே இல்லை. நிலவறையில் உட்கார்ந்து மெழுகு போட்டேன். அந்தப் பனிக்குப் பசைமெழுகுதான் சரி. சூடு காட்டி, கட்டைவிரலால் தேய்த்து, வெளியே வைத்து ஆறவிட்டு, மறுபடி தேய்க்க வேண்டும். ஒவ்வொரு பூச்சும் ஆறுவதற்குள் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டு முடித்தேன், மூன்று தடவை காப்பி குடித்தேன். என் வாழ்நாளில் போட்ட மெழுகிலேயே அதுதான் சிறந்தது. மோசமாகப் போட எனக்குக் கை வராது. போட்டாலும் காலையில் பனியில் இறங்கிப் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள். கோல் முனையை யாரும் சோதிப்பதில்லை. அதை நான் பார்த்துக்கொள்வேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

தீரில் படியில் உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பள்ளியில் அறைக்கு ஒரு ஜன்னல் உண்டாம், அதில் மலை தெரியுமாம். இங்கே தெரிகிற மலை போதாதா என்று கேட்டேன். இது நீ பார்த்துப் பார்த்துத் தேய்ந்துபோன மலை என்று கேலி செய்துவிட்டு, பந்தய எண் வாங்கி வரப் பியார்னே வீட்டுக்குப் போனாள். அங்கே போனால் அவர் பேசியே ஒரு மணி நேரமாவது பிடித்து வைத்துக்கொள்வார்.

பிறகு கோலை எடுத்தேன். கூர் தீட்டும் கல்லிலேயே கூரை மழுக்கவும் முடியும். ஒரு கோலுக்கு மூன்று நிமிட வேலை. எனக்கு வேண்டியிருந்தது அரை நிமிடம்தான். அரை நிமிடம் பிந்தினால் நான்காவதாக வருவாள். அழுவாள். நான் வாஃபிள் அப்பம் சுட்டு, மேலே பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் கொடுப்பேன். இலையுதிர் காலத்தில் உள்ளூர்ப் பள்ளிக்கே போவாள். இவ்வளவுதான் என் மனதில் இருந்தது. இதில் ஒரு தகப்பன் நினைக்கக் கூடாதது எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆலைப் பாலத்துக்கு இறங்கும் வளைவு உங்களுக்குத் தெரியும். பாதை சட்டென்று இடப்பக்கம் திரும்பும். அங்கே இடது கோலைக் குத்தி, அதையே பிடிமானமாக வைத்துத் திரும்பு என்று அவளுக்கு ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றும் அப்படித்தான் குத்தியிருக்கிறாள். முனை பனிக்கட்டியில் இறங்காமல் வழுக்கிவிட்டது. பந்தயக் கோலின் வார் கையை இறுக்கிப் பிடித்திருக்கும், நினைத்தவுடன் உதற முடியாது. கையை ஊன்ற வழியில்லாமல் நேராகப் போய்ப் பாலத்துக் கம்பத்தில் மோதினாள்.

முடிவுக் கோட்டில் அவளுக்காகச் சூடான கருந்திராட்சைச் சாறு வைத்துக்கொண்டு நின்றிருந்த நான் ஓடினேன். அவளுக்கு நினைவு இருந்தது.

“என் பலகையக் கழட்டிட்டியாப்பா?” என்று கேட்டாள்.

பலகைகள் இரண்டும் அவள் காலில்தான் இருந்தன. அன்றைக்கே எனக்கு நெஞ்சு வெடித்துவிட்டது. இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பது மிச்சம்தான்.

எல்லோரும் என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். மெழுகு தப்பிப்போச்சு, பலகை பிடிக்கல, என் தப்பு என்றேன். இந்தப் பள்ளத்தாக்கில் அந்த ஒரு தப்பை மட்டும் யாரும் குற்றமாக நினைப்பதில்லை. மெழுகு தப்பாதவன் இங்கே எவன் இருக்கிறான்? பியார்னே என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நீங்களும் தோளில் தட்டி, மனசைத் தளரவிடாதே ஓட்வார் என்றீர்கள். மகள் விழுந்ததற்குத் தானே பழியை ஏற்றுக்கொண்ட மனிதன் என்று எனக்கு ஊரில் ஒரு மரியாதைகூட வந்தது. அதை நான் மறுக்கவில்லை.

கழுத்துக்குக் கீழே அவளுக்கு எதுவும் அசையவில்லை. மூன்று வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். நகராட்சி அனுப்பும் செவிலி காலையும் மாலையும் வருவார். மற்ற நேரம் முழுக்க நாங்கள் இருவரும்தான். தலை வாரிவிடுவேன், புத்தகம் வாசித்துக் காட்டுவேன், ஊட்டிவிடுவேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நான் தனியாகச் சாப்பிடவில்லை.

அவள் மருத்துவமனையிலிருந்து வந்த அன்று, சங்கத்தின் சார்பில் பியார்னே அவளுடைய கோல்களுக்கு நாடா கட்டிக் கொண்டுவந்து, கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் குறுக்காக மாட்டினார். முனை மேலே பார்த்தபடி. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? முனையை மாற்றிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். ஆனால் அவள் அந்த அறையை விட்டு நகர்வதில்லை. அவள் கண்ணெதிரே எப்படிக் கழற்றுவது?

இந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ட்ரோண்ட்ஹைமில் சட்டம் படிக்க இடம் கிடைத்தது. அவளைப் போன்றவர்கள் தங்க அங்கே ஒரு வீடும் இருக்கிறதாம். நீ இல்லாமல் எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

“காலைல வெயில் வர்றப்போ வலது கோல் முனை பளிச்சுனு மின்னுதுப்பா. இடது மின்னறதே இல்ல.”

துருப்பிடித்திருக்கும் என்றேன்.

“மெழுகு நல்லாத்தான் இருந்துச்சு. அந்த மாதிரி ஒரு பலகை என் கால்ல இருந்ததே இல்ல. நான் விழுந்ததுக்கு ஊர் என்னைச் சொல்லக் கூடாதுன்னு நீ பொய் சொல்றேன்னு நெனச்சேன். அதுக்காகவே மூணு வருஷமா உன் மேல உயிரா இருந்தேம்ப்பா.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அரை நிமிடம் என்று சொன்னேன், நான்காவது இடம் என்று சொன்னேன். அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். அதற்கு நான் சொன்ன பதிலுக்குப் பிறகு இன்றுவரை என்னிடம் பேசவில்லை. செவிலி ஊட்டினால் சாப்பிடுகிறாள். நான் கரண்டியைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்கிறாள். என்னைத் தடுக்க அவளால் முடிந்தது அது ஒன்றுதான். பன்னிரண்டு நாளாயிற்று. பெற்ற வயிறு என்பார்கள், பெற்ற கைக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே வந்தேன்.

அவள் கேட்டது இதுதான். “ரெண்டையும் தேச்சிருந்தா நான் மெதுவாப் போயிருப்பேன், அவ்வளவுதான். இடத மட்டும் ஏம்ப்பா தேச்ச?”

இன்னொன்றைத் தேய்க்க நேரம் இருக்கவில்லை என்று சொன்னேன். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நேரம் இருக்கவில்லை.