நெஞ்சுல ஒரு மாதிரி

சரி... புள்ளிவிவரம் போதும். உங்க கண்ணு சொக்குறது மேடையிலருந்தே தெரியுது. ஒரு சின்னக் கதை சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் சொக்குங்க.

சின்னமனூர்ப் பக்கம் தங்கமாயன்னு ஒருத்தர். மண்டியில வாழைத்தார் ஏலம் விடுறவர். அவர் நின்னு கூவினா பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் திரும்பிப் பாப்பான். அப்பேர்ப்பட்ட தொண்டை. சம்சாரம் பேரு பேச்சியம்மா, நாப்பத்தெட்டு வயசு. பேருல மட்டும்தான் பேச்சு.

ஒருநாள் குளிக்கிறப்ப அந்தம்மா கையில ஒண்ணு தட்டுப்படுது. இடது மார்புல, அக்குள் ஓரமா, புளியங்கொட்டை அளவு. ஒரு மாசம் யாருகிட்டயும் மூச்சு விடலை. குடும்ப மானம் இல்லையா... அப்புறம் புருஷன்கிட்ட சொன்னாங்க. வலிக்குதான்னு கேட்டாரு. இல்லைன்னாங்க. வலிக்காததுக்கு எதுக்கு ஆஸ்பத்திரின்னுட்டாரு. பெரிய வைத்தியர்! ஆரம்பத்துல இந்த மாதிரிக் கட்டி பெரும்பாலும் வலிக்காதுன்னு வைத்தியருக்கு யாரும் சொல்லலை போல.

புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆச்சு. அப்புறம்தான் ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. சீட்டு எழுதுற பொண்ணு கேட்டுச்சு, "அம்மாவுக்கு என்ன செய்யுது?"

தங்கமாயன் மேல ஓடுற ஃபேனைப் பாத்தாரு. "அவளுக்கு... நெஞ்சுல..."

"நெஞ்சுல என்ன?"

"ஒரு மாதிரி இருக்குதும்மா."

ஊரே கேக்கக் கூவுற மனுஷன்... குரல் எங்க போச்சு? அந்தப் பொண்ணு நெஞ்சுவலின்னு எழுதிருச்சு. ஈசிஜி எடுத்தாங்க. நர்ஸம்மா கை அந்தக் கட்டிக்கு நாலு விரக்கடை தள்ளி இருக்கு. பேச்சியம்மா வாயைத் திறக்கலை. டாக்டர் பாத்துட்டு, இதயம் நல்லாருக்கு, தைரியமாப் போங்கன்னுட்டாரு. இதயத்துக்கு என்ன கேடு? ரெண்டு பேரும் சந்தோஷமா அல்வா வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

மூணு மாசம் போச்சு. கட்டி மேல தோல் உள்ள இழுத்துக்கிருச்சு. அந்தம்மா இந்தத் தடவை யாரையும் கூப்பிடலை. தனியா பஸ் ஏறிப் போய் அதே வரிசையில நின்னாங்க. அதே பொண்ணு, அதே கேள்வி. பின்னாடி முப்பது பேர்.

"இடது மார்புல கட்டி இருக்கு. போன தடவையே இருந்துச்சு. சொல்ல வெக்கப்பட்டேன்."

என்ன ஆச்சு? வானம் இடிஞ்சு விழுந்துச்சா? பின்னாடி நின்ன ஒரு பொண்ணு மெதுவா இவங்க கையைப் பிடிச்சு, "அக்கா... எனக்கும் ஒண்ணு இருக்கு"ன்னுச்சு. அவ்வளவுதான் ஆச்சு.

அந்தப் பொண்ணுக்கு வெறும் கொழுப்புக் கட்டி. நிறைய கட்டி அப்படித்தான், ஆனா அதை டாக்டர் பாத்துச் சொல்லணும். பேச்சியம்மாவுக்குப் புற்று. மார்பையே எடுக்க வேண்டியதாப் போச்சு. முதல்லயே வந்திருந்தா கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. ஆபரேஷனுக்குக் கூட வந்திருந்தாரு தங்கமாயன். அதைக் கேட்டுட்டுச் சொன்னாரு: "ஒரு வார்த்தை... நான் அதைச் சொல்லியிருக்கலாம்."

முடியெல்லாம் கொட்டி, திரும்ப முளைச்சு, அந்தம்மா இப்ப நல்லாருக்காங்க. பிழைச்சுட்டாங்க. ஆனா தாய்மார்களே, இவ்வளவு மாசம் தள்ளிப்போட்டும் எல்லாரும் பிழைப்பாங்களா?

அதனாலதான் சொல்றேன். மாசம் ஒருநாள், தீட்டு முடிஞ்ச வாரத்துல, கண்ணாடி முன்னாடி நின்னு பாருங்க. விரலைப் பட்டையா வச்சு அக்குள் வரைக்கும் தடவிப் பாருங்க. தீட்டு நின்னவங்க ஏதாவது ஒரு தேதி வச்சுக்கங்க. நாப்பது தாண்டினவங்க மேமோகிராம், அதான் மார்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே, எப்ப எடுக்கணும்னு டாக்டர்கிட்ட கேளுங்க. புதுசா எது தெரிஞ்சாலும் அந்த வாரமே போங்க. போய், அது எங்க இருக்கோ அந்த இடத்தோட பேரைச் சொல்லுங்க.

பின்னாடி நிக்கிற ஐயாமாரே... மார்புன்னு நான் சொன்ன ஒவ்வொரு தடவையும் செல்போனைப் பாத்தீங்க. என்னமோ அவசரச் செய்தி. வெக்கப்பட்டது போதும். வீட்டுக்குப் போய் ஒண்ணே ஒண்ணு கேளுங்க... "இந்த மாசம் பாத்தியா?"