பதினேழாவது வரி

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமையாசிரியை அவர்களே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, முதல் வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அக்காவின் தம்பி அவர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் பழைய மாணவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னே வந்து உட்காரலாம். இடம் இருக்கிறது. நெருக்கி உட்காரப் பயந்த காலம் முடிந்துவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது எல்லோருக்கும் முடிந்துவிட்டதா என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்தாறு வருடம் முக்கால் மணி நேர வகுப்பு எடுத்த கணக்கு வாத்தியாருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பள்ளி அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் தட்டச்சராக இருந்த அம்மையாரை நாம் எல்லோரும் டைப்பிஸ்ட் அக்கா என்றோம். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. ஓய்வு பெற ஒரு வருடம் இருந்த அன்றைய தலைமையாசிரியர்கூட, “அக்கா, அந்தக் கடிதம் ஆயிடுச்சா?” என்றுதான் கேட்பார். அவர் நமக்குச் சம்பளப் பட்டியல் தட்டினார், மாற்றுச் சான்றிதழ் தட்டினார், நாம் பிழையோடு எழுதிக் கொடுத்த விண்ணப்பங்களைச் சத்தமில்லாமல் திருத்தித் தட்டினார். இவையெல்லாம் அவர் பணி. பணியில் சேராத ஒன்றையும் செய்தார். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நோய்த்தொற்று வந்து பள்ளியைப் பூட்டினார்களே, நினைவிருக்கிறதா? பூட்டிய வாரமே ஓர் உத்தரவு வந்தது. ஊழியர்களின் வருகையை நாள்தோறும் தொலைபேசியில் கேட்டுப் பதிய வேண்டும் என்று. அந்த வேலை அக்காவிடம் வந்தது. காலை ஒன்பது பத்துக்குத் தொடங்குவார். பள்ளியில் முதல் மணி அடிக்கும் நேரம். பெயரைச் சொல்வார். மறுமுனையில் வயதுவந்த ஆசிரியர்கள், பிள்ளைகளைப் போல, “உள்ளேன் அக்கா” என்பார்கள்.

நான் அப்போது ஓய்வு பெற்று மூன்று வருடம். அந்த முதல் மாதத்தில் என் மனைவி இறந்துபோனாள். நான்கு பேர் வந்தார்கள், அவ்வளவுதான் அனுமதி. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆள் குளிர்சாதனப் பெட்டிதான். அது உறுமினால் நான் பதில் சொல்வேன். சிரிக்கிறீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிக்கவில்லை. எத்தனை நாள் குளிக்காமல் இருந்தேன் என்று கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தெரியவில்லை.

ஒரு காலை ஒன்பது பத்தைத் தாண்டித் தொலைபேசி அடித்தது.

“சார், அட்டெண்டன்ஸ்.”

“ஓய்வு பெற்றவனுக்கு எதுக்கம்மா அட்டெண்டன்ஸ்?”

“புது உத்தரவு சார். ஓய்வு பெற்றவங்களும் உண்டாம். நான் என்ன பண்றது, மேலேயிருந்து சொல்றாங்க.”

உத்தரவு என்றால் கேள்வி கேட்கிற பழக்கம் நம்மில் யாருக்கு இருக்கிறது? “உள்ளேன்” என்றேன். அவர் விடவில்லை.

“குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு சார், காலியா விடக்கூடாதாம். இன்னைக்கு என்ன கலர் சட்டை?”

நான் பனியனோடு உட்கார்ந்திருந்தேன். நீலம் என்று பொய் சொன்னேன்.

“பொத்தான் எல்லாம் போட்டிருக்கா சார்?”

வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு நீலச் சட்டையை எடுத்து மாட்டினேன். பொய்யை மெய்யாக்க வேண்டும் அல்லவா? மறுநாள், கேட்பாரே என்று அழைப்புக்கு முன்பே மாட்டினேன். அதற்கு மறுநாள், சட்டை போடுகிறோமே என்று குளித்தேன். என்னை மறுபடி மனிதனாக்கியது எந்த மருந்தும் இல்லை, அந்தக் குறிப்புக் கட்டம்தான்.

எனக்கு மட்டுமா? இதோ இரண்டாம் வரிசையில் நம் உடற்பயிற்சி ஆசிரியர் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரு விசிலில் எழுநூறு பிள்ளைகளை நிறுத்துவாரே, அவர் அந்த நாட்களில் குழாயடியை விட்டு நகரவில்லை. கை வெடித்து ரத்தம் வரும்வரை கழுவினார். வாங்கிவந்த தீப்பெட்டியையும் சோப்புப் போட்டுக் கழுவினார். அப்புறம் அடுப்புப் பற்றவில்லை என்று கடைக்காரரைத் திட்டினார். அக்கா அவரிடம், “நேத்து எத்தனை தடவை கழுவுனீங்க?” என்று கேட்டார். “நாப்பது.” “அய்யோ சார், நாளைக்கு முப்பத்தொன்பதுன்னு சொல்லுங்களேன், எழுத நல்லா இருக்கும்.” ஒவ்வொன்றாகக் குறைத்து ஆறு என்று ஆக்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று. உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அக்கா ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மனிதர் தொலைபேசியை எடுத்திருப்பாரா?

பள்ளி திறந்தது. எல்லோரும் திரும்பி வந்தோம். அக்காவும் வந்தார். அலுவலக வாசலில் ஆள் கூடினால் எழுந்து பின் அறைக்குப் போய்விடுவார். ஆறு மாதத்தில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். “முட்டி வலி சார், மாடி ஏற முடியல” என்றார். நாம் ஒரு சால்வை போர்த்தி அனுப்பினோம். அலுவலகம் தரைத்தளத்தில் இருக்கிறது. அவர் குடியிருந்த வீடுதான் இரண்டாவது மாடி. அதைக்கூட யோசிக்கவில்லை நாம்.

அந்த இரண்டாவது மாடியிலிருந்து அவர் கீழே இறங்குவதே அரிதாகிவிட்டது என்று அவருடைய தம்பி நேற்றுதான் சொன்னார். படியில் யாராவது இருமினால் கதவுக்குப் பின்னால் நின்றுவிடுவாராம். நோய் போய்விட்டது, பயம் போகவில்லை. தம்பி வேறு ஊரில் இருக்கிறார். அவரிடமும் முட்டி வலி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஆனால் ஒன்பது பத்து மட்டும் நிற்கவில்லை. தனியாக இருக்கிற ஆறு பேருக்கு அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அதில் நானும் ஒருவன். இப்போது நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவது அல்ல. போன வருடம் ஒருநாள் அவரிடம், “நான் இப்ப நல்லாத்தான் இருக்கேன்மா. தினமும் எதுக்கு? என் பேரை எடுத்துடுங்க” என்றேன். காலை நடைக்குப் போகிற நேரத்தில் அழைப்பு வருகிறது என்று எனக்கு எரிச்சல்.

“சரி சார். நல்லா இருந்தா சரி” என்றார். அப்புறமும் தொலைபேசியை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு புதன்கிழமை, அந்த ஆறு பேரில் ஒருவரான தையல் டீச்சருக்கு அழைப்பு வரவில்லை. ஏதோ வேலை போலிருக்கிறது என்று இருந்துவிட்டார். வியாழனும் வரவில்லை. செவ்வாயன்று பால் பொங்குகிறது என்று பாதியில் வைத்துவிட்டோமே, கோபமோ என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை மனசு கேட்காமல் நேரில் போனார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கதவைத் திறந்தபோது, அக்கா மேசையருகே நாற்காலியில் இருந்தார். இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார் மருத்துவர்.

நான் தையல் டீச்சரிடம் கேட்டேன். “ரெண்டு நாள் வரலையே, நாம ஏன் டீச்சர் ஒரு ஃபோன் பண்ணலை?”

“அவங்கதானே சார் பண்ணுவாங்க?” என்றார்.

அவரைக் குறை சொல்லவில்லை. மற்ற நான்கு பேரும் அதையேதான் சொன்னார்கள். அக்காவின் தொலைபேசியைத் தம்பி எனக்குக் காட்டினார். விரலால் தள்ளத் தள்ள அவர் அழைத்த அழைப்புகள்தான் வந்துகொண்டிருந்தன. நம்மில் ஒருவர் அவரை அழைத்ததாக ஒன்றுகூட இல்லை.

மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டைத் தம்பி என்னிடம் கொடுத்தார். இதோ, இதுதான். அட்டைக்குள் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தது. தொலைபேசியில் வருகை கேட்க வேண்டாம், உத்தரவு திரும்பப் பெறப்பட்டது என்ற கடிதம். அதன் தேதி, அவர் என்னை முதன்முதலாக அழைத்த நாளுக்கு ஒரு வாரம் முந்தையது. ஆக, ஓய்வு பெற்றவர்களுக்கு என்று ஓர் உத்தரவு வரவே இல்லை. அன்பாக விசாரிக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நாம் வீறாப்பாக வேண்டாம் என்றிருப்போம். நம்மை அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதில் பதினாறு பெயர்கள் இருக்கின்றன; பள்ளி திறந்தபின் அழைப்பு நின்ற பத்துப் பேரை அடித்துவிட்டிருக்கிறார். நான் எடுக்கச் சொன்ன என் பெயரை அவர் எடுக்கவில்லை. எனக்கு நேரே நாள்தோறும் ஏதாவது எழுதியிருக்கிறார். “தையல் டீச்சர் சந்தையில் பார்த்தாராம். கட்டம் போட்ட சட்டை.” “பி.டி. சார் பார்த்தாராம். இளைத்திருக்கிறாராம்.” மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு எனக்கு வருகை போட்டிருக்கிறார்.

பதினாறுக்குக் கீழே பதினேழாவதாக ஒரு வரி. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் “நான்” என்று எழுதியிருக்கிறது. அதற்கு நேரே, “தலை வாரினேன்.” இன்னொரு நாள், “எழுந்திருக்க மனமில்லை. ஒன்பது பத்து ஆகப்போகிறதே என்று எழுந்தேன்.” இன்னொரு நாள், “இன்று ஆறு பேரும் எடுத்தார்கள். சாப்பிட்டேன்.”

நண்பர்களே, ஒரு கணக்கு வாத்தியார் இதை எப்படிப் படிப்பார்? ஆறு பேர் எடுத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கியது. அந்த ஆறை ஐந்தாக்கியவன் நான்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு. நாளைக் காலை ஒன்பது பத்துக்கு நான் தையல் டீச்சரை அழைப்பேன். அவர் உடற்பயிற்சி ஆசிரியரை அழைப்பார். அப்படியே போய், கடைசிப் பெயருக்கு உரியவர் என்னை அழைக்க வேண்டும். அழைக்கிறவரையும் ஒருவர் அழைக்க வேண்டும். சேர விரும்புகிறவர்கள் போகும்போது இந்தப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். யாராவது முட்டி வலி என்று சொன்னால், எந்த முட்டி என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை தொலைபேசியை வைக்காதீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் கடைசிப் பதிவு. என் பெயருக்கு நேரே, “யாரும் பார்க்கவில்லையாம். கேட்க வேண்டும்” என்று எழுதி வைத்திருக்கிறார்.

அக்கா, வெள்ளைச் சட்டை. பொத்தான் எல்லாம் போட்டிருக்கிறேன்.