இருமல் ரோட்டில் இல்லை

என் பெயர் புகாரின் முதல் பக்கத்தில் சரியாகவே எழுதப்பட்டிருக்கிறது, அதில் மட்டும் எனக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டிலும் தெருவிலும் பம்பரம் என்று கூப்பிடுவார்கள். வயது பதினெட்டு முடிந்து நான்கு மாதம். கண்ணாடிக் கடைக்கு மேல், தகரப் படிக்கட்டு ஏறிப் போகும் வீட்டில் அம்மாவுடனும் அக்காவுடனும் குடியிருக்கிறேன். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அம்மாவின் சலவை நிலையத்தில் துணி மடிக்கிறேன். ஓட்டுநர் உரிமத் தேர்வில் மோசடி செய்ததாக என் மேல் வந்த புகார் தொடர்பாக இன்று காலை பத்து மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி இதைச் சொல்கிறேன். நான் சொல்லும் வேகத்துக்கு எழுத்தரின் கை வராததால் விசாரணை அதிகாரியின் அனுமதியுடன் நானே எழுதுகிறேன். எழுத்தர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறார். விளையாட்டு என்று அவர் சந்தேகப்பட்ட மூன்று இடங்களை அடித்துவிட்டு ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

பதினோரு வயதில் என்னைப் பரிசோதித்த மருத்துவர் எனக்குக் கவனக் குறைபாடு என்று எழுதிக் கொடுத்தார். சான்றிதழின் நகலை இணைத்துள்ளேன். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடு இல்லை. கவனம் எனக்குத் தேவைக்கு மேலேயே இருக்கிறது, அதை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. இப்போதுகூட எழுத்தரின் சட்டையில் இரண்டாவது பட்டன் மட்டும் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருப்பது எனக்குத் தெரிகிறது. உரிம விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிக் கேட்ட கட்டத்தில் இந்தக் குறைபாட்டை மறைக்காமல் எழுதினேன். மறைத்திருந்தால் இன்று இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று அக்கா சொல்கிறாள்.

சலவை நிலையத்துக்கு ஒரு வேன் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து படுக்கை விரிப்புகளை ஏற்றி வந்து, துவைத்துத் திரும்பக் கொண்டுபோய்ப் போடுவதற்கு அதை அக்கா ஓட்டுகிறாள். அவளுக்கு வேறு ஊரில், துறைமுகத்தில் கிரேன் இயக்கும் பயிற்சிக்கு இடம் கிடைத்து, வரும் மாதம் முதல் தேதி சேரச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேனை எடுத்தால் அவள் போவாள். எடுக்காவிட்டால் போக மாட்டாள். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டவும் மாட்டாள் என்பதுதான் எனக்குக் கஷ்டம்.

அதனால் வாகனப் பயிற்சிப் பள்ளிகளில் விசாரித்தேன். முதல் பள்ளியில் குணமான பிறகு வரச் சொன்னார்கள். இரண்டாவது பள்ளியில் மூன்று நாள் போனேன். புகாரில் குறிப்பிட்டுள்ளபடி அந்தப் பள்ளிக் காரின் பின்னால் 'பயிற்சி கொடுப்பவருக்கும் பயிற்சி தேவை' என்று ஒட்டியது நான்தான். அது ஒட்டப்பட்ட பிறகு அந்தக் கார் நான்கு நாள் ஊரைச் சுற்றியிருக்கிறது, யாரும் மறுக்கவில்லை. மூன்றாவதாக இந்த வழக்கில் சம்பந்தப்பட்ட மாஸ்டரிடம் போனேன். அவர் என் சான்றிதழை இரண்டு முறை படித்துவிட்டு, "உனக்குக் கவனம் இல்ல, எனக்குப் பொறுமை இல்ல. ஜோடி சரியாத்தான் இருக்கு, ஏறு" என்றார்.

மாஸ்டரின் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. பயிற்சி தருபவர் அங்கே உட்கார்ந்து ஆபத்து வந்தால் தானே மிதிக்கலாம். முதல் வாரம் நான் ரோட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன். ஒரு மாடியில் காய்ந்த பதினைந்து காலுறைகளில் ஒன்றுக்கு ஜோடி இல்லை என்பதைப் பார்த்தேன், எதிரே வந்த லாரியைப் பார்க்கவில்லை. அன்று இரவு சாப்பிடும்போது அக்கா, "பாக்கறத வாயால சொல்லுடா. வாய் ரோட்டுல இருந்தா மூளையும் பின்னாலயே வந்துடும்" என்றாள். மறுநாளிலிருந்து, முன்னால சைக்கிள், இடப்பக்கம் கதவு திறக்குது, கண்ணாடி பாத்தாச்சு என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மாஸ்டர், "ரேடியோவ அணைடா" என்றார். அணைத்தால் வண்டி நடைபாதைக்குப் போனதால் பிறகு அவரே போடச் சொன்னார்.

மூன்றாவது வாரத்தில் இருமலைக் கவனித்தேன். மாஸ்டர் ஒரு தடவை இருமினால் பிரேக், இரண்டு தடவை இருமினால் கியரைக் குறை, கனைத்தால் சிக்னல் போடு. இது எழுதி ஒட்டப்பட்ட விதி இல்லை. ஆனால் அவரிடம் படிக்கும் எல்லோருக்கும் காலில் ஏறியிருந்தது. தேர்வு நாளில் மாஸ்டர் பின்இருக்கையில் உட்கார அனுமதி உண்டு, அங்கிருந்து இருமுவார், ஒருவரும் தோற்றதில்லை என்று என்னோடு படித்த தையல்கார அக்கா பெருமையாகச் சொன்னார். எனக்கும் அது ஏறிவிட்டது. வீட்டில் அம்மா இருமினால் என் வலது கால் மேசைக் காலை உதைத்தது. அம்மா கவலைப்பட்டு இருமல் மருந்து வாங்கிவந்து எனக்குக் கொடுத்தார்.

அதன் பின் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. நான் ஓட்டும்போது வண்டி மிக அழகாக நின்றது. நான் எதையும் அவ்வளவு அழகாகச் செய்பவன் இல்லை. ஆகவே அடுத்த நாள் வகுப்புக்கு முன் மாஸ்டர் பக்கத்து பிரேக்கிலும் கிளட்சிலும் அக்காவின் முகப் பவுடரைத் தூவினேன். வகுப்பு முடிந்து பார்த்தால் இரண்டிலும் பவுடர் துடைத்து எடுத்ததுபோல் போயிருந்தது, மாஸ்டரின் இரண்டு ஷூவின் அடியும் வெள்ளை. மூன்று வாரமாக வண்டியை ஓட்டியது அவர், வாயை ஓட்டியது மட்டும்தான் நான். இதைத் தேதியுடன் படம் எடுத்தேன். பவுடர் டப்பா பாதி காலியானதைப் பார்த்து அக்கா, "யாருடா அந்தப் பொண்ணு?" என்று இரண்டு நாள் துருவினாள்.

மறுநாள் மாஸ்டரிடம், "மாஸ்டர், உங்க ஷூ ஏன் வெள்ளையா இருக்கு?" என்று கேட்டேன். அவர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார், பெடலைப் பார்த்தார், பிறகு என்னை வெகுநேரம் பார்த்தார். "நீ போலீஸ்ல சேர வேண்டிய ஆளு" என்றார். நான், "எனக்கு லைசென்ஸ் வேணாம் மாஸ்டர், வண்டி ஓட்டத் தெரியணும். ஆஸ்பத்திரி ரோட்டுல நீங்க வந்து இரும மாட்டீங்க" என்றேன். அவர் ஷூவைக் கழற்றிப் பின்இருக்கையில் போட்டுவிட்டு, இருக்கையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கதவுக்கு மேலிருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்று வண்டி பதினோரு தடவை நின்றுபோனது. அவர் ஒரு தடவைகூடக் காலை இறக்கவில்லை. இப்படி ஒன்பது நாள். ஒன்பது நாளும் பவுடர் போட்டது போட்டபடி இருந்தது. படங்கள் உள்ளன.

தேர்வு நாளன்று காலையிலும் பவுடரைத் தூவினேன். தேர்வின்போது அந்த இருக்கையில் தேர்வு அதிகாரி உட்காருவார். மாஸ்டர் அவரிடம் ஏதாவது பேசி வைத்து, எனக்காக அவர் மிதித்துவிடுவாரோ என்று சந்தேகப்பட்டேன். மாஸ்டரை நான் அப்படி நினைத்தது தவறு. இதை எழுத்தர் அடிக்கச் சொல்லவில்லை, நானும் அடிக்கவில்லை.

பதினொன்றரை மணிக்குத் தேர்வு தொடங்கியது. பின்இருக்கையில் உட்கார்ந்த மாஸ்டர் இரும மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் வாயில் இரண்டு இருமல் மிட்டாய்களை அடக்கியிருந்தார். நான் வழக்கம்போல் பேசிக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

தேர்வு அதிகாரி, "யாருகிட்ட பேசற?" என்று கேட்டார்.

"ரோட்டுகிட்ட சார்."

"அது என்ன சொல்லுது?"

"மெதுவாப் போகச் சொல்லுது சார்."

அவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி என் இரண்டு காதுகளையும், சட்டைக் காலரையும், கண்ணாடிக்குப் பின்புறத்தையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லாததால் அவருடைய சந்தேகம் அதிகமானது. அதன் பிறகு வண்டியை எடுக்கச் சொன்னார். மரக்கடைத் திருப்பத்தில் அறுப்புத் தூள் பறந்து வந்து தேர்வு அதிகாரி இருமினார். என் கால் பிரேக்கில் போனது. கிளட்சும் சேர்த்து மிதித்ததால் வண்டி அணையாமல் நின்றது, அவருடைய பேனா மட்டும் நிற்காமல் முன்னால் போனது. இந்த முதல் பிரேக் நான் போட்டது. காரணம் இல்லாமல் போட்டது. ஒப்புக்கொள்கிறேன்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு பின்னால் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். மாஸ்டரின் இருமலைப் பற்றி உரிம அலுவலகத்தில் ஏற்கெனவே பேச்சு இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதன் பின் சுமார் ஐந்நூறு அடி போய் அலுவலக வாசலை நெருங்கியதும் தேர்வு அதிகாரி மறுபடி இருமினார். அங்கே தூசி இல்லை. நான் அப்போது சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "முன்னால யாரும் இல்ல. வலப்பக்கம் பஸ் நிக்குது. பக்கத்துல இருமல். இருமல் ரோட்டுல இல்ல." என் கால் ஆக்சிலரேட்டரில் இருந்தது. ஆனாலும் வண்டி குலுங்கி, அணைந்து நின்றது. கிளட்ச் மிதிக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்தால்தான் அப்படி அணையும்.

தேர்வு அதிகாரி, "ரெண்டு இருமல், ரெண்டு பிரேக். போதும், எறங்கு" என்று சொல்லிவிட்டு, இருமல் சாடையைக் கேட்டு ஓட்டுவதாகத் தாளில் எழுதினார், அதுதான் இந்தப் புகார். அவர் இறங்கிப் போனதும் நான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து காலடியைப் பார்த்தேன். கிளட்சில் பவுடர் அப்படியே இருந்தது. பிரேக்கில் இல்லை. அவர் அலுவலகத்துக்குள் போன வழியில், வாசலில் கிடந்த கறுப்புக் கால்மிதியில் தொடங்கி மூன்றாவது படிவரை வலது ஷூவின் தடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. ஒற்றைக் காலில் யாரோ நொண்டி விளையாடிப் போனதுபோல் இருந்தது. நான்கு படங்கள் எடுத்தேன். அன்று மாலையே படியைப் பெருக்கிவிட்டார்கள் என்று காவலாளி சொன்னார்.

தேர்வு அதிகாரி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. முதல் பிரேக்கில் பயந்துபோன அவருடைய கால், இரண்டாவது முறை அவருக்கே தெரியாமல் போயிருக்கலாம். என் காலும் அப்படித்தான் போனது. எனக்காவது மருத்துவச் சான்றிதழ் இருக்கிறது.

மாஸ்டர் நேற்று கொடுத்த வாக்குமூலத்தை விசாரணை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். இருமலுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்றும், எனக்கு மூளைக் கோளாறு இருப்பதால் சும்மா சும்மா பிரேக் போடுவேன் என்றும், பாவம் பார்த்துச் சேர்த்துக்கொண்டதாகவும் அதில் இருக்கிறது. இதை ஏற்றுக்கொண்டால் எனக்கு வழக்கு இல்லை, என் விண்ணப்பத்தில் 'தகுதியற்றவர்' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள், வீட்டுக்குப் போகலாம் என்று எழுத்தர் நல்லெண்ணத்தில் சொன்னார். அந்தச் சொல்லை ஒரு தடவை எழுதினால் எந்த ஊர் அலுவலகத்திலும் அது அழியாது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இன்று காலை தாழ்வாரத்து பெஞ்சில் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். நான் அவரைக் கடந்தபோது கைக்குட்டையை வாயில் அழுத்தி, நிஜமாகவே வந்த ஓர் இருமலை, முகம் சிவக்கும் வரை அடக்கிக்கொண்டார்.

ஆகவே நடந்தது நடந்தபடி சொல்கிறேன். மாஸ்டர் மற்றவர்களுக்கு இருமினார். எனக்கும் மூன்று வாரம் இருமினார். பிறகு ஒன்பது நாள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். தேர்வு நாளில் அவர் இருமவில்லை, கேட்ட இரண்டு இருமலும் தேர்வு அதிகாரியுடையவை. இதில் ஒன்றை எழுதி ஒன்றை விடுவதானால் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

எனக்கு உரிமம் கொடுங்கள் என்று கேட்கவில்லை. இன்னொரு தேர்வு கேட்கிறேன். பின்இருக்கையில் யாரும் வேண்டாம். பேசிக்கொண்டே ஓட்ட அனுமதி வேண்டும். பக்கத்தில் உட்காரும் அதிகாரி சம்மணம் போட வேண்டும் என்று கேட்டிருந்தேன், எழுத்தர் அடிக்கச் சொன்னதால் அதை அடித்து, காலைப் பெடலிலிருந்து விலக்கி வைத்தால் போதும் என்று மாற்றியிருக்கிறேன். தேதி இருபத்தெட்டுக்குள் இருந்தால் நல்லது. அக்கா இன்னும் பெட்டி எடுத்து வைக்கவில்லை. பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி மட்டும் வைத்திருக்கிறாள்.

எழுதி முடித்ததை எழுத்தர் வாங்கி உரக்க வாசித்துக் காட்டினார். வாசிக்கும்போது இரண்டு முறை இருமினார். வேண்டுமென்றே இருமினார் என்று சந்தேகிக்கிறேன், ஏனென்றால் இரண்டு முறையும் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். முதல் இருமலுக்கு என் வலது கால் அரை அங்குலம் நகர்ந்தது. இரண்டாவதற்கு நகரவில்லை. இரண்டும் நடந்ததால் இரண்டையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

மேலே உள்ளவை என் வாயால் சொல்லி என் கையால் எழுதியவை, யாரும் இருமியோ கனைத்தோ சொல்லித் தந்தவை அல்ல, அனைத்தும் உண்மை என உறுதி கூறிக் கையொப்பம் இடுகிறேன்.

(ஒப்பம்)
பம்பரம் என்கிற, புகாரில் கண்டுள்ள நபர்

என் முன்னிலையில் எழுதப்பட்டது. இருமியது நான்தான்.
(ஒப்பம்) எழுத்தர்