பதினாலு படி ஏறி வந்த பூட்டு

...அதுவும் இன்னிக்குப் பாத்தா வருவீங்க, தம்பி? நேத்து வந்திருக்கலாம், நாளைக்கு வந்திருக்கலாம். இருபத்தாறு வருஷமா இந்த ஆபீஸ் இங்கதானே கெடக்கு, ஓடியா போயிடும்? உக்காருங்க, உக்காருங்க. ஐயோ அதுல வேண்டாம், அதுக்குக் கால் ஆடும். இந்தப் பக்கம். அந்தப் பூட்ட மேஜை மேல வைங்க, யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. என்னா கனம்... நகராட்சில பூட்டாவது நல்லதா வாங்கறாங்க.

இல்ல, நான் தடுக்கல. கையில கோர்ட் உத்தரவோட வந்திருக்கீங்க, நானே வக்கீல், நான் தடுப்பேனா? பதினொண்ணு வரைக்கும் சும்மா பேசிக்கிட்டிருப்போம்னுதான் சொல்றேன். பதினொண்ணுக்கு ஒருத்தர் வர்றாரு. சோப்புக் கம்பெனி முதலாளி. பத்து ஊர்ல இந்த மாதிரி இலவச சட்ட உதவி ஆபீஸ் தொறக்கப் போறாரு. பெரிய அறக்கட்டளை. அதுக்கு என்னத் தலைவியா உக்கார வைக்கணுமாம். ஆனா பாருங்க, ஏழைங்க வந்து அழற மேஜைலதான் கையெழுத்துப் போடுவேன்னு ஒரே பிடிவாதம். அவர் வர்ற நேரம் கதவுல அரக்கு முத்திரையோட பூட்டு தொங்குனா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க... வேண்டாம், சொல்லாதீங்க.

காலைல இருந்து எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இங்க பாருங்க, இந்தக் கால்ல கறுப்புச் செருப்பு, இந்தக் கால்ல பிரவுன். வாசல் வரைக்கும் வந்த எங்க வீட்டுக்காரர் பாத்தாரு, சொல்லலையே. அவருக்கு என் மேல கோவம். ஊருக்கெல்லாம் நியாயம் வாங்கித் தர்ற, நம்ம வீட்டுக் குழாய் ஒழுகுறது எப்ப நிக்கும்னு கேட்டாரு. மனு குடுங்க, பாக்கலாம்னு விளையாட்டுக்குச் சொன்னேன். குடுத்துட்டாரு, தம்பி. டைப் அடிச்சு, இணைப்பு ஒண்ணு, இணைப்பு ரெண்டுன்னு போட்டோவோட. அதுல பாதிக்கப்பட்டவர்னு தன் பேரையும் எதிர்மனுதாரர்னு என் பேரையும் போட்டிருக்காரு. நாலு மாசமாச்சு, இன்னும் நிலுவைல இருக்கு...

என்ன, கடிகாரத்தப் பாக்கறீங்க? அது பத்து நிமிஷம் வேகம். நம்பாதீங்க.

எங்க விட்டேன்... ஆங், வழக்கு. பொதுநல வழக்குல ஜெயிக்கறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல, தம்பி. ஜெயிச்சப்புறம்தான் கூத்து. ஆத்துல சாயத்தண்ணி விடக்கூடாதுன்னு தீர்ப்பு வாங்கினேன். பேப்பர்ல என் போட்டோ வந்துச்சு, ஆறு மட்டும் இன்னிக்கும் ஒரு நாள் செவப்பு, ஒரு நாள் ஊதான்னு போயிக்கிட்டிருக்கு. ஆஸ்பத்திரில ராத்திரியும் டாக்டர் இருக்கணும்னு வாங்கினேன். இருக்காரு, பலகைல பேரு இருக்கு. ஒவ்வொரு தீர்ப்பும் ஏதாவது பீரோல போய்ச் சுகமாப் படுத்துக்கும். நானும் எழுப்பி எழுப்பிப் பாத்துட்டேன்.

இந்த ஒண்ணு மட்டும் எப்படி எழுந்து நடந்து வந்துச்சோ... எங்க, அந்தக் காகிதத்தக் குடுங்க. "பொதுமக்கள் வந்துசெல்லும் எந்த அலுவலகமாயினும்." சரி. "சக்கர நாற்காலி ஏற வழியில்லையெனில் ஆறு மாதத்துக்குள் அமைக்க வேண்டும், தவறினால் அமைக்கும்வரை பூட்டி முத்திரையிட வேண்டும்." சரிதான். "எவ்வித விதிவிலக்குமின்றி." பாத்தீங்களா? ஒரு பொட்டு ஈரம் இல்ல. எவளோ கல்நெஞ்சுக்காரி உக்காந்து எழுதின மாதிரி இல்ல?

நான்தான் எழுதினேன்.

சிரிங்க, சிரிங்க, அடக்காதீங்க. மனுவுல நான் கேட்ட அதே வார்த்தை, நீதிபதி ஒரு எழுத்து மாத்தல. அவர் நல்ல மனுஷன், கேட்கத்தான் செஞ்சாரு: "தர்ம ஸ்தாபனங்களுக்காவது விலக்கு குடுக்கலாமா அம்மா?" நான் விறைச்சுக்கிட்டு நின்னு சொன்னேன்: "தர்மம்னு பேர் வச்சுட்டா படி தானாத் தாழ்ந்துடுமா ஐயா?" கோர்ட்டே சிரிச்சுது. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க...

வழக்குப் போட்டது ஒரு தையல்காரம்மா. இடுப்புக்குக் கீழ அசைவு கிடையாது. முதல் நாள் வந்தப்ப கீழ சக்கர நாற்காலில இருந்தபடியே குரல் குடுத்தாங்க. நான் பதினாலு படியும் தடதடன்னு எறங்கிப்போய், நடைபாதைல மண்டி போட்டு உக்காந்து அவங்க சொன்னத எழுதிக்கிட்டேன். எனக்கு என்னப் பத்தியே என்னா பெருமை! அப்புறம் மூணு வருஷம், கீழ சாவி வெட்டுற கடைல வச்சுத்தான் பேச்சு. அந்த மெஷின் போடற கூச்சல்ல தொண்டை கிழியக் கத்திக் கத்திப் பேசுவோம். ஊர்ல எந்த பேங்குக்கு எத்தன படி, எந்தத் தபால் ஆபீஸுக்கு எத்தன படின்னு. நூத்திப் பதிமூணு ஆபீஸ், தம்பி. பட்டியல் போட்டு, கெடு முடியுதுன்னு எல்லாருக்கும் ஞாபகக் கடிதம் அனுப்பினேன். எங்க ஆபீஸப் பட்டியல்ல சேக்கணும்னு ஒரு நாளாவது எனக்கு உறைச்சுதா? அந்தம்மாவாவது சொல்லியிருக்கலாம். போன வாரம் நகராட்சி நோட்டீஸ் வந்ததும் கேட்டேன். "உங்க மனசு நோகுமேன்னு விட்டுட்டேம்மா"ங்கறாங்க. அப்புறம் நகராட்சிக்கு யாரு எழுதிப் போட்டதுன்னு கேட்டா, தலையக் குனிஞ்சுக்கிட்டு ஊசில நூல் கோக்கறாங்க...

போன் அடிக்குது, எடுங்க. எடுத்துப் பேசுங்க, நான் வாயத் தெறக்கல.

...யாரு, உங்க மேலதிகாரியா? என்னவாம்? ...சோப்பு முதலாளி பேசிட்டாரா, அவர்கிட்ட? இந்தப் பூட்டு விஷயத்த முதலாளி காதுல யாரு போட்டாங்களோ... தர்ம காரியம் பண்ற எடம், இன்னொரு ஆறு மாசம் விட்டுப் பிடின்னு...

ஓ.

ஏன் எழுந்துட்டீங்க? பூட்ட எதுக்குப் பைல போடறீங்க? அட, நில்லுங்க தம்பி. நில்லுங்கன்னா. இன்னிக்கு எனக்கு ஆறு மாசம் குடுத்தா, நாளைக்கு அந்த நூத்திப் பதிமூணு பேரும் இதே சலுகையக் கேட்டு வரிசைல நிப்பாங்க. கேஸ நடத்துனவளுக்கே விட்டாங்க, எங்களுக்கென்னம்பாங்க. அந்தம்மா மறுபடியும் மொதல் படிக்கே போயிடுவாங்க. போயிடுவாங்களா இல்லையா?

வாங்க. வெளிய வாங்க. எனக்கு இந்தப் பை போதும், கேஸ் கட்டெல்லாம் உள்ளயே கெடக்கட்டும். கதவச் சாத்திட்டேன். ம், போடுங்க. அரக்கு எங்க? நல்லா உருக்கி ஊத்துங்க, கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அழல தம்பி, சிரிக்கிறேன், சிரிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வரும்... இருபத்தாறு வருஷத்துல நான் வாங்கின தீர்ப்ப நிறைவேத்தன்னு ஒரு ஆள் படியேறி வந்தது இதான் முதல் தடவ. அவர வெறுங்கையோடயா திருப்பி அனுப்புவேன்?

கார் சத்தம் கேட்டுதா? அவர்தான். மூச்சு வாங்க ஏறி வர்றாரு, பாவம்.

கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி, அவருக்குப் பூட்ட மறைக்கறீங்க.