அந்தோணியம்மாள் கத்தவில்லை

கொஞ்சம் கிட்ட வாருங்கள். இதைச் சத்தம் போட்டுச் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது.

ராத்திரி பதினொரு மணி இருக்கும். களம்பூரிலிருந்து ஆரணி வரும் சாலை. ஒரு லாரிகூட இல்லை. ரைஸ்மில் பக்கமிருந்து அவித்த நெல்லின் வாடை... நம்ம பாலமுருகனின் மச்சான் தனசேகரன், வீடியோ எடுப்பவர், பைக்கில் தனியாக வந்துகொண்டிருந்தார். மனசு சரியில்லை. சற்று முன்புதான் ஒரு பொய் சொல்லியிருந்தார்.

களம்பூரில் ஸ்டெஃபி என்ற பெண்ணின் நிச்சயதார்த்தத்தை அவர்தான் எடுத்தார். அவள் அம்மா அந்தோணியம்மாள் உடம்பு முடியாதவர். அன்று எப்படியோ எழுந்து வந்து, மைக்கில் மகளை ஆசீர்வதித்தார். அடுத்த வாரமே இறந்துபோனார். அந்தக் குரல் வேறு எதிலும் பதிவாகவில்லை. வீடியோவைப் போட்டால்... கர்ர்ர். வெறும் கர்ர்ர்.

மேடை மிக்சரிலிருந்து வரும் சத்தம் பெரிது. கேமராவில் மைக் சொருகும் ஓட்டை சின்னச் சத்தத்துக்கானது. நடுவில் லெவலைக் குறைக்கும் வயர் ஒன்று போட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் கர்ர்ர்தான். அது அவர் பையில்தான் இருந்தது. பந்தியில் பிரியாணி ஆறிவிடுமே என்று, ஐயா நேராகச் சொருகிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். ஹெட்போனில் ஒரு தடவை கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ராத்திரி வீடியோவைக் கொடுக்கப் போனபோது, அம்மா குரல் எங்கே என்று ஸ்டெஃபி அழுதுகொண்டே கேட்டாள். இவர் வாயில் வந்தது இதுதான்: "அம்மா மைக்ல கத்திட்டாங்கம்மா. நான் இன்னா பண்றது?"

செத்தவர் மேல் பழி. வழியெல்லாம் அதுதான் உறுத்தியது.

ஏரிக்கரை வளைவில் தோள்பை சூடாவதுபோல் இருந்தது. வண்டியை நிறுத்தித் திறந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு. பேட்டரியோ அவர் சட்டைப் பையில்... ஹெட்போனைக் காதில் வைத்தார். ஸ்ஸ்ஸ்... அதற்குள்ளிருந்து, மூச்சு மாதிரி ஒரு குரல்.

"இவ்ளோ மெதுவா பேசினா போதுமா தம்பி?"

வண்டியைத் திருப்பினார். பயத்தைவிட வெட்கம்தான் பெரிதாக இருந்தது என்று பிறகு அவரே சொன்னாராம். ஸ்டெஃபி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மெழுகுவத்தி அணைந்த வாசனை.

"தப்பு என்னுதும்மா. அம்மா கத்தல. நான்தான் வயர தப்பா மாட்டிட்டேன்."

அவள் கோபப்படவில்லை.

"அம்மா தெனம் ராத்திரி வந்து எங்கூட பேசிகினு இருப்பாங்கண்ணா. இன்னிக்கும் வந்தாங்க. உதடு அசையுது... சத்தம் மட்டும் வர்ல."

தனசேகரன் வாசல் பக்கம் பின்வாங்கினார்.

"கத்திட்டாங்கன்னு சொன்னீங்க இல்ல... அப்போ உங்க பின்னாடிதான் நின்னுகினு இருந்தாங்க."