தறி நின்றால் பூனை எழுந்துவிடும்

தேன்சிட்டு வரும் என்று நம்பிப் பத்துத் தொட்டிகளில் செம்பருத்தி வைத்து, மூன்று மாதம் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்து, மாவுப்பூச்சியை மட்டுமே பார்த்தவன் நான். அதனால்தான் செவிலிமேட்டிலிருந்து வரும் ஷேர் ஆட்டோவில் பக்கத்து சீட்டுப் பேச்சுக்குக் காதைக் கொடுத்துவிட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு தறியை நிறுத்தவே கூடாதுன்னு சொல்லிட்டேன்," என்றார் கூடை வைத்திருந்த அம்மாள்.

"ஏன்க்கா, அவசரமா குடுக்க வேண்டிய புடவையா?" என்றார் கூட வந்த பெண்.

"அட, அது இல்லம்மா. தோட்டத்துல தேன்சிட்டு கூடு கட்டி ரெண்டு குஞ்சு பொரிச்சிருக்குது. எங்க பூனை அதையே பார்த்துக்கினு இருக்குது. தறிச் சத்தம் கேட்டாத்தான் பக்கத்துல சுருண்டு தூங்கும். சத்தம் நின்னா தோட்டத்துக்கு ஓடிடும்."

"கட்டிப் போட வேண்டியதுதானே?"

"கத்தி ஊரையே கூட்டிடும். இன்னும் நாலு நாள்தான், குஞ்சுங்க பறந்துடும்."

"அவரு சாப்பிட வேணாமா?"

"அப்ப நான் தறியில உக்காந்துக்குவேன்."

"இப்ப நீ இங்க இருக்கியேக்கா?"

"நான் திரும்பற வரைக்கும் எழுந்துக்க மாட்டாரு. என் பேச்சைத் தாண்ட மாட்டாரு."

மார்க்கெட்டில் அந்த அம்மாள் மட்டும் இறங்கி, நிமிர்ந்த நடையோடு போனார். டிரைவர், கூட வந்த பெண்ணிடம் திரும்பினார்.

"அக்காகிட்ட சொல்லிடாதீங்கம்மா. நீங்க ஏர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அண்ணன் எங்க ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்துக்கினு இருந்தாரு. மடியில பூனை. அவருக்கு டீ, அதுக்குப் பால்."